பதினொரு சுற்று

மே 4, திங்கள்

காலை ஏழேகாலுக்கு ஆட்டோ வந்தது. இரண்டு பெட்டி, ஒரு தலையணை, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. மதியழகனின் மனைவி இறங்கி நின்று “வணக்கம் மாமா” என்றாள். “வாங்க” என்றேன். பெட்டியை எங்கே வைப்பது என்று ஆட்டோக்காரர் கேட்டதால் பேச்சு நகர்ந்தது.

மதி மஸ்கட் போய்விட்டான். ஆறு மாத வேலை. அவளுக்குக் குரோம்பேட்டையில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றல். அருகில் இருக்கும் மகளிர் விடுதியில் மே 31ஆம் தேதிதான் இடம் காலியாகிறதாம். “அதுவரைக்கும்ப்பா, ப்ளீஸ்” என்று போனில் கெஞ்சினான். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். ஓடிவந்த ஜோடிகள் எத்தனை பேருக்குப் பதிவு செய்து கொடுத்திருப்பேன்! சொந்த மகன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று எனக்கு முதுகுவலி. போகவில்லை.

என் மனைவி காந்திமதி இருந்த அறையை அவளுக்குக் கொடுத்தேன். அதோடு சேர்ந்த குளியலறையையும் திறந்துவிட்டேன். காந்தி போனதிலிருந்து பதினான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அவளுக்கு முட்டி வலி வந்தபோது போட்ட வெஸ்டர்ன் டாய்லெட் அதில்தான் இருக்கிறது. நான் பின்பக்கத்து இந்தியன் டாய்லெட்டையே பயன்படுத்துகிறவன்.

இருபத்தேழு நாள்தான். சமாளித்துவிடலாம்.

மே 5, செவ்வாய்

காலை ஐந்தே முக்காலுக்குப் பூனை மாதிரி கிளம்பிப் போய்விட்டாள். மேஜைமேல் எனக்குக் காபி மூடி வைத்திருந்தது. நல்ல காபி.

மே 7, வியாழன்

எங்கோ தண்ணீர் ஓடுகிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று விடாமல் ஒரு சத்தம். மதியம் எனக்குத் தூக்கம் வருவதில்லை, பதினான்கு மாதமாகவே இப்படித்தான். சும்மா கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அதனால் எல்லாச் சத்தமும் கேட்கிறது. இது மாடிவீட்டிலிருந்துதான் வருகிறது. மாடிவீடு என்றால் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குமரகுருபரன் வீடு.

மே 9, சனி

படிக்கட்டுக்கு அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ‘லாரித் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. யாரோ ஒருவர் வீட்டில் கசிவு. கண்டுபிடிக்கப்பட்டால், சரிசெய்யும்வரை அந்த இணைப்பு மூடப்படும். இப்படிக்கு, செயலாளர்.’

யாரோ ஒருவராம். உடனே உட்கார்ந்து எழுதினேன்: ‘ஐயா, தாங்கள் தேடும் கசிவு தங்கள் இல்லத்திலேயே இருக்கிறது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பகலில் எட்டு மணி நேரம் என் காதால் கேட்டது. தாண்டவராயன், சார்பதிவாளர் (ஓய்வு).’ ஒரு நகல் எனக்கு வைத்துக்கொண்டேன். ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை நான் போட்டால் எதிராளிக்கு ஏறும் கோபமே தனி.

மே 12, செவ்வாய்

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுவே பெரிய குறையாக இருக்கிறது. சாப்பிட்ட தட்டு உடனே கழுவப்படுகிறது. விளக்கு, மின்விசிறி எதுவும் வீணாக ஓடுவதில்லை. டிவி பக்கமே வருவதில்லை. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை வாசலில் இருக்கும் நீலப்பட்டைச் செருப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவளுக்கு டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை. சொந்த ஊர் நாசரேத். காந்தியின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று நாள், பத்தொன்பது மாதம், அவளை மெஷினில் போட்டு எடுத்தது இந்தப் பெண்தான். அம்மாவுக்குத் துணையாக வந்த மகன் அங்கேயே பெண்ணும் பார்த்துக்கொண்டான். பெண்டாட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த இடத்தில் கல்யாணப் பேச்சா என்று எனக்குக் கோபம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சத்தத்தில் ஒரு வினோதம். அவள் வீட்டில் இருக்கும்போது கேட்பதில்லை. அவள் டூட்டிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. குமரகுருபரனும் காலையில் அதே நேரத்தில்தான் குளிப்பார். எல்லாம் பொருந்துகிறது.

மே 14, வியாழன்

என் மானம் போன நாள்.

பத்து மணிக்குக் குமரகுருபரன், பிளம்பர் பெருமாளைக் கூட்டிவந்து தன் வீட்டைச் சோதனை போட வைத்தார். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார். நானும் வெற்றி வீரனாக மாடி ஏறினேன். அங்கே எல்லாக் குழாயும் காய்ந்து கிடந்தது. பெருமாள் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கீழேர்ந்து வருது சார் சவுண்டு” என்றான்.

கீழே என்றால் என் வீடு.

மருமகள் பயன்படுத்தும் குளியலறைக்குள் மாமனார் எப்படிப் போவது? பத்து நாளாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை நான். “அவங்க டூட்டியில இருக்காங்க, சாயங்காலம் வாங்க” என்றேன். “தண்ணிக்கு டூட்டி கிடையாது சார்” என்றார் குமரகுருபரன். பெருமாளைப் போகவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன்.

அவன் ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத் தூக்கியதும் சிரித்தான். “யாரோ டாக்டர் கட்டுப் போட்டாப்ல இருக்கு, வந்து பாருங்க சார்.” எட்டிப் பார்த்தேன். டேங்க் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்த உள்ளே ஒரு பந்து மிதக்கும். அந்தப் பந்தின் கம்பியைத் தூக்கி, காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணியால் கட்டி, மேலே ஆஸ்பத்திரி டேப் ஒட்டியிருந்தது. ஈரத்தில் டேப் நழுவியிருந்தது. என்ன நேர்த்தியான முடிச்சு! நூல் பிடித்த மாதிரி சுற்றியிருந்தாள்.

“வால்வு போச்சு சார். வருசக்கணக்கா பூட்டி வச்சீங்களா? போர்த் தண்ணி உப்பு அப்படியே பாறையாயிருக்கு. கீழ தண்ணிய மூடுற ஆங்கிள் காக்கும் திரும்ப மாட்டேங்குது. டேங்க்கையே மாத்திடலாம். நா ஊருக்குப் போறேன், திருவிழா. பத்து நாளாவும்.”

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரியாகலன்னா மாடியில அந்த பாத்ரூமுக்கு வர்ற லைனை மூடிடுவேன், தாழ்மையுடன் சொல்லிக்கிறேன்” என்றார் குமரகுருபரன்.

லைனை மூடினால் அவளுக்குக் குளியலறையே இல்லை. என்னுடையதைப் பயன்படுத்த அவள் கூசுவாள். விடுதியில் வராந்தாவிலாவது படுத்துக்கொள்கிறேன் என்று நாளைக்கே கிளம்பிவிடுவாள். கிளம்பட்டுமே, எனக்கென்ன? இதை ஏன் இவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு வந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

“வந்து… உள்ள… அந்த…”

“ஃப்ளஷ் டேங்க்கா மாமா?”

“ஆமா. அது உங்களுக்கு முன்னாடியே…”

“ரெண்டாம் நாளே தெரியும் மாமா. உங்ககிட்ட எப்படிச் சொல்லதுன்னு…” முகம் சிவந்துவிட்டது. “தினமும் கட்டிட்டுத்தான் போனேன். வாளியில தண்ணி பிடிச்சு ஊத்திக்கிட்டேன். நான் போனப்புறம் அவுந்துருக்கு. ஸாரி மாமா.”

பத்து நாள் வாளி தூக்கியிருக்கிறாள். நானோ செயலாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பெருமாள் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “டேங்க்கை எதுக்கு மாத்தணும்? வால்வுதானே மாமா. நானே மாத்திருதேன்” என்றாள்.

மே 15, வெள்ளி

டாய்லெட் டேங்க்கை வீட்டுப் பெண் கழற்றுவதாவது! மதியிடம் போனில் சொன்னேன். “அவ மெஷினையே கழட்டி மாட்டுவாப்பா” என்கிறான். பெண்டாட்டி புராணம்.

மே 16, சனி

அவளுக்கு இன்று பகல் முழுக்க டூட்டி. வால்வை நானே வாங்கி வருகிறேன் என்றேன். ராதா நகரில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கே விழித்தேன். “தண்ணி அடியிலேர்ந்து ஏறுதா, சைடுல வருதா சார்?” பல்லாயிரம் வீடுகளை நான்கு எல்லையோடு பதிவு செய்திருக்கிறேன். என் வீட்டு டேங்க்குக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அவளுக்குப் போன் செய்தேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் முதல் அழைப்பு. பதறிப்போய் “மாமா, உடம்புக்கு என்ன?” என்றாள். “ஒண்ணுமில்ல. அடியா, சைடா?” என்றேன். பிறகு சிரிப்பை அடக்கும் குரலில், “அடி மாமா. தரைப் பக்கத்துலேர்ந்து ட்யூப் மேல ஏறுது” என்றாள். பின்னணியில் அந்த மெஷின்களின் பீப் பீப் கேட்டது. சீக்கிரம் வைத்துவிட்டேன்.

வாங்கியதில் பந்து கிடையாது. உயரமான பிளாஸ்டிக் தண்டு, அதில் மேலும் கீழும் நகரும் டப்பா மாதிரி ஒரு மிதவை, பக்கத்தில் நீளமாக ஒரு திருகாணி. இப்போது எல்லாம் இதுதானாம்.

மே 17, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். “முதல்ல உள்ள வர்றதை நிறுத்தணும் மாமா. அப்புறம்தான் எதையும் கழட்டணும்.” ஆங்கிள் காக் திரும்பாததால் மொட்டை மாடியில் மூட வேண்டும். அது என் பொறுப்பு.

மேலே தொட்டிக்கு அடியில் எட்டுக் குழாய்கள் இறங்குகின்றன. ஒன்றிலாவது வீட்டு எண் எழுதியிருக்க வேண்டாமா? மூன்றாவதுதான் என்னுடையதாக இருக்கும் என்று மூடினேன். இரண்டே நிமிடத்தில் கீழிருந்து “யோவ், எவன்யா அது, தலை முழுக்க சோப்பு!” என்று குமரகுருபரனின் குரல் வந்தது. மிகவும் மெதுவாகத் திறந்துவிட்டேன், அவசரம் ஒன்றும் இல்லை. என்னுடையது ஐந்தாவது.

இறங்கி வந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு டார்ச் பிடித்தேன். அவள் ஃப்ளஷை அழுத்தி டேங்க்கைக் காலி செய்தாள். அடியில் தேங்கிய தண்ணீரைக் குவளையால் மொண்டு, மீதியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். என் துண்டைப் பார்த்துவிட்டு, “இது சுத்தமான தண்ணி மாமா. அடுப்படிக்கு வர்ற அதே தொட்டித் தண்ணிதான். இன்னும் எங்கயும் போகல” என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இந்த வயதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. துண்டை இறக்கிவிட்டேன்.

டேங்க்குக்கு அடியில் ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றினால் பழைய வால்வு கையோடு வந்துவிடும். ஆனால் உப்பு பிடித்து அசையவே இல்லை. முரட்டுத்தனமாகத் திருகுவாள் என்று பார்த்தேன். திருகவில்லை. “எலுமிச்சம்பழம் இருக்கா மாமா?” என்றாள். இரண்டு பழத்தைப் பிழிந்து, துணியை நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டினாள். “எங்க மெஷினுக்கும் இதே புளிப்புதான். உப்பைக் கரைச்சிரும். கால் மணி நேரம் விடுவோம்.”

அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில். இவ்வளவு அருகில் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

“டார்ச்சை ஆடாம பிடிக்கீங்க மாமா. ரத்தம்னாதான் உங்களுக்கு ஆகாது, இல்லையா? அத்தை சொல்லுவாங்க.”

“சொன்னாளா?”

“ஆமா. அதான் நீங்க உள்ள வரலன்னு.”

பத்தொன்பது மாதமும் நான் அந்த வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடமாட்டார்கள், அது விதி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவளிடமும் “ரூல் இருந்துதே…” என்று ஆரம்பித்தேன். அப்படி ஒரு விதி இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள்.

நட்டில் கட்டிய துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அந்தக் கதவுக்கு அடியில இடைவெளி உண்டு மாமா. அத்தை பெட்லேர்ந்து பாத்தா பெஞ்சுக்குக் கீழ உங்க கறுப்புச் செருப்பு தெரியும். அவங்களுக்குக் கண்ணு மங்கிட்டதுல்லா, மெஷின் ஓட ஆரம்பிச்சதும் என்கிட்ட கேப்பாங்க, ‘எப்சிபா, செருப்பு இருக்கா பாரு’ன்னு. இருக்கும்மான்னு சொல்லுவேன். அப்புறம்தான் கண்ணை மூடுவாங்க. நாலு மணி நேரமும் நல்லா தூங்கிருவாங்க.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளும்.”

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “கடைசி நாளும்?”

“கடைசி நாளும் செருப்பு இருந்துச்சு மாமா. நான் சொன்னேன். தூங்குனாங்க.”

இறக்கிவிட்ட துண்டை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனேன். அவள் எழுந்து போய் நட்டைப் பார்ப்பது போல எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

நட்டு கழன்றது. பழைய வால்வை வெளியே எடுத்தோம். வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. புதியதன் ரப்பர் வாஷரை டேங்க்கின் உள்பக்கம் வரும்படி வைத்து, தண்டை நேராக நிறுத்தி, கீழே நட்டைக் கையாலேயே முடுக்கினாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவசரமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து, ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். காந்தியின் கையில் ஊசி ஏற்றியதும் இந்த விரல்கள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ என்று பத்தொன்பது மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். உள்ளே இவ்வளவு நிதானமான கை ஒன்று இருந்திருக்கிறது. போய்ப் பார்த்திருக்கலாம்.

அவள் கை கழுவப் போன நேரத்தில் என் பங்குக்கு ஏதாவது செய்யலாமே என்று, ஸ்பேனரால் அந்த நட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கினேன். ‘கிரீச்’ என்றது. மேலே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தால், நட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது.

“ஸ்பேனர் போட்டது யாரு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. மறுபடி மாடி ஏறி மூடினேன். அவள் நட்டைத் தளர்த்தி, நசுங்கிய வாஷரைத் திருப்பி உட்கார வைத்தாள். “கைப்பிடி போதும் மாமா. இது பிளாஸ்டிக். இறுக்கினா உடையும்.” மறுபடி மாடி. என் முட்டிகளுக்கு நல்ல உடற்பயிற்சி.

பிறகுதான் முக்கியமான வேலை. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சரிசெய்வது. டேங்க்கின் நடுவே ஒரு குழாய் நிற்கிறது. தண்ணீர் அதன் வாயைத் தாண்டினால் உள்ளே வழிந்துகொண்டே இருக்கும். அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அதுதான். ஆனால் ரொம்பவும் இறக்கினால் ஃப்ளஷ் செய்யப் போதாது. திருகாணியை ஒவ்வொரு சுற்றாகத் திருப்பி மிதவையை இறக்கினாள். ஃப்ளஷ் செய்வது, நிறையவிடுவது, பார்ப்பது. மறுபடி இரண்டு சுற்று. பதினொன்றாவது சுற்றில் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் அசையாமல் நின்றது.

சத்தம் இல்லை. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வீடே அமைதியாக இருந்தது.

ஆஸ்பத்திரி டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, ‘மே 17. 11 சுற்று. நிறையும் நேரம் 1 நிமிடம் 50 நொடி. எ.’ என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டினாள். “எதையும் எழுதாம விட்டா எங்க சீஃப் கொன்னுருவாங்க” என்றாள். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு சரியான பதிவை நான் பார்த்ததில்லை.

மே 18, திங்கள்

குமரகுருபரனிடம் மன்னிப்புக் கேட்டேன், தாழ்மையுடன் என்ற சொல் இல்லாமல். அவர் நேரில் வந்து டேங்க்கைப் பார்த்தார். ஃப்ளஷ் செய்து பார்த்தார். மூடியைத் தூக்கி லேபிளைப் படித்தார். “பெருமாள் டேங்க்கையே மாத்தணும்னானே சார். யார் பண்ணது?”

“என் மருமகள்.”

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே இருந்தது.

“எங்க வீட்லயும் ஒரு தடவை பாக்கச் சொல்றீங்களா?”

“அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கு” என்றேன். மாலையில் அவளே மாடிக்குப் போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இளகிய மனசு.

மே 22, வெள்ளி

எப்சிபா மீன்குழம்பு வைத்தாள். காந்தியின் கைப்பக்குவம் இல்லை. வேறு மாதிரி. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மே 26, செவ்வாய்

விடுதியிலிருந்து போன். ஞாயிறு காலையில் அறை தயார். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பாத்ரூமாம், காலை டூட்டிக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். போகலாமா மாமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

“நல்லது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமா போச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 30, சனி

பெட்டி கட்டிவிட்டாள். அலமாரியைத் துடைத்து, அடியில் புதுப் பேப்பர் விரித்திருக்கிறாள். “டேங்க் மறுபடி சத்தம் போட்டா போன் பண்ணுங்க மாமா. எல்லாம் லேபிள்ல இருக்கு” என்றாள்.

இனி அதில் எதுவும் கெடாது. அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாள்.

மே 31, ஞாயிறு

காலை ஆறே முக்காலுக்கு ஃப்ளஷ் டேங்க்கில் மறுபடி சத்தம் வந்தது. அவள் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்த பத்து நிமிடத்தில் அது எப்படி நேர்ந்தது என்று தெரியவில்லை. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, டேங்க்ல சத்தம் வருதே.”

“அப்படியா? எனக்குக் கேக்கலையே.”

அவள் உள்ளே போய் மூடியைத் தூக்கினாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது, டார்ச் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது. தண்ணீர் குழாயின் வாயைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அவள் லேபிளைப் பார்த்தாள். திருகாணியைத் திருப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் காத்திருந்தாள். பழைய இடத்திலேயே வந்து நின்றது. சத்தமும் நின்றது.

“மூணு சுத்து” என்றாள்.

“பிளாஸ்டிக் சாமான்தானே. தானா தளந்திருக்கும்.”

“தானா அரைச் சுத்துகூட தளராது மாமா. ஒவ்வொரு சுத்துக்கும் பல் வச்சிருக்கான். கையாலதான் திருப்ப முடியும்.”

இதற்கும் பதில் சொல்ல அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. டார்ச்சை அணைத்தேன்.

“அந்த விடுதியில பன்னெண்டு பேருக்கு ரெண்டு பாத்ரூம்னு சொன்னியேம்மா.”

“ஆமா மாமா.”

“இங்க ரெண்டு பேருக்கு ரெண்டு இருக்கு.”

அவள் டேங்க்குக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வராத மாமனார் எந்த முகத்தோடு கேட்பது என்று பத்து நாளாக ஒத்திப்போட்ட வார்த்தை அது. கேட்டுவிட்டேன்.

“இரும்மா எப்சிபா. இங்கயே இரு. நீ போயிட்டா இந்த வீட்ல எனக்குப் பேச ஆள் இல்ல.”

துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு வெளியே போனாள். விடுதிக்குப் போன் செய்து, “வார்டன் மேடம், அந்த ரூம் வேண்டாம்” என்பது கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பேனாவும் டேப்பும் இருந்தன. பழைய லேபிளுக்குக் கீழே இன்னொன்று எழுதி ஒட்டி, மூடியை வைத்துவிட்டு, காபி போடப் போனாள்.

அவள் போன பிறகு தூக்கிப் பார்த்தேன்.

‘மே 31. 3 சுற்று மாறியிருந்தது. மீண்டும் 11. காரணம்: மாமா.’

ஜூன் 2, செவ்வாய்

காந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மூன்று மணி இருக்கும், எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நீலப்பட்டைச் செருப்பு இருந்தது. திரும்பி வந்து படுத்தேன். ஐந்தரை மணிவரை தூங்கினேன்.